துணைப்படங்களும் படவுரையும்

கல்வெட்டாராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றில், ஒரே எழுத்துப் பகுதியின் ஒளிப்படம், மைப்படி, ஆய்வாளர் கையால் வரைந்த படி ஆகிய மூன்றையும் ஒருங்கே நிறுத்தி, அடியில் ‘பிராமிக் கல்வெட்டு’ என ஒரே தொடரை எழுதி அமைவதைக் காண்கின்றோம். இது பக்கத்தின் அழகு பற்றிய குறையன்று. சான்று பற்றிய குறை என்பதே எம் கருத்து. முன்னிரண்டும் கல்லினின்று நேரே பெறப்படுவன. வரைந்த படியோ ஆய்வாளரின் துணிபு. கல்லிலுள்ள சிறு குழியைப் புள்ளியெனக் கொண்டு அவர் வரைந்துவிடின், உயிர்மெய் மெய்யாகிவிடும். கல்லே அவ்வாறு கூறிற்றெனப் படிப்போரும் மயங்குவர்.

ஆதலின் (அ), (ஆ), (இ) எனத் துணைப்படம் ஒவ்வொன்றும் தனக்குரிய குறியும் உரையும் பெறுதல் வேண்டும். பொதுவுரை அவற்றின்கீழ் நிற்கலாம். 1543-இல் பேசல் நகரில் அச்சான வெசாலியசின் உடற்கூற்று நூலில், படத்தின் உறுப்புகளுக்கு எழுத்துக் குறியிட்டு, அக்குறிகளுக்கு உரையும் வகுத்துள்ளனர். மரக்கட்டை அச்சில் இயன்றது இன்று இயலாதா?

கணிப்பொறி அச்சுக்கோப்பில் வேறு இடர்களும் உள. லாடெக்கில் படவுரைக்கு முன்னரே இணைப்புக் குறியை எழுதின், படத்தின் எண் வரவேண்டிய இடத்தில் கட்டுரைப் பிரிவின் எண் வந்து நிற்கும். துணைப்படங்களுக்கிடையே வெற்று வரியொன்று விடப்படினும், அருகருகே நிற்கவேண்டியவை ஒன்றன்கீழ் ஒன்றாகும். இவை எளிதில் திருத்தத்தக்கன. மூன்று படிகளையும் ஒரே அகலத்திற்கு நீட்டியும் குறுக்கியும் பொருத்துவதுதான் எமக்குப் பொறுக்கவொண்ணாதது. அளவுகோல் காட்டாதவிடத்து எழுத்தின் உயரத்தை எதனோடு ஒப்பிடுவது?