பச்சை இலைக்கு அளவுகோல் எது?

வெளியூர் சென்று ஒரு விடுதியில் தங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. அதில் பச்சை இலைச் சின்னம். குளியலறைக்குள் நுழைந்தால் அங்கேயும் ஓர் அட்டை: “துவாலையை மறுபடியும் பயன்படுத்துங்கள்; பூமியைக் காப்பாற்றுங்கள்.” நல்ல செய்திதான். ஆனால் அந்த இலை எதைக் குறிக்கிறது? மின்சாரத்தையா, தண்ணீரையா, குப்பையையா? எவ்வளவு குறைந்தது? அளந்தவர் யார்?

சோதனைச்சாலையில் என் மாணவர் ஒருவர் “விடை 25” என்று மட்டும் எழுதினால் நான் மதிப்பெண் தருவதில்லை. 25 சென்டிமீட்டரா, 25 விநாடியா? அலகு இல்லாமல் நிற்கும் எண் அளவீடு ஆகாது. சான்றிதழும் ஒருவகை அளவீடுதான். ஆகவே அளவீட்டிடம் கேட்கும் கேள்விகளை அதனிடமும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

துவாலைக் கணக்கு

முதலில் அந்த அட்டையையே எடுத்துக்கொள்வோம். ஒரு துவாலையைத் துவைக்க 5 லிட்டர் வெந்நீர் தேவை எனக் கொள்ளுங்கள். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 5 × 4.2 × 40 = 840 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். ஆகவே செலவு கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு.

அதே அறையில் குளியல் தொட்டி இருக்கிறது. 150 லிட்டர் நீரை 20-லிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க 12,600 கிலோஜூல், அதாவது மூன்றரை யூனிட். ஒரு குளியல் பதினைந்து துவாலைக்குச் சமம்! உலர்த்தும் இயந்திரத்தின் செலவைச் சேர்த்துத் துவாலைக் கணக்கை இரட்டிப்பாக்கினாலும், ஒரு குளியல் ஏழெட்டுத் துவாலைக்குக் குறையாது. ஆனால் தொட்டியின் மேல் அட்டை எதுவும் இல்லை.

இந்த முரண்பாடு புதிதன்று. ஃபிஜித் தீவில் ஒரு விடுதியில் இத்தகைய துவாலை அறிவிப்பைக் கண்ட அமெரிக்கர் ஜே வெஸ்டர்வெல்ட், 1986-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் ‘கிரீன்வாஷ்’ என்ற சொல்லைக் கையாண்டார். அழுக்குச் சுவரைச் சுண்ணாம்பு அடித்து மறைப்பதுபோல, பச்சை வண்ணம் பூசி மறைப்பது என்பது அதன் பொருள். இன்று அச்சொல் உலகெங்கும் வழங்குகிறது.

சான்றிதழ் பிறந்த கதை

1992-ல் ரியோ டி ஜெனீரோவில் புவி உச்சி மாநாடு நடந்தது. அதன் விளைவுகளுள் ஒன்றாக 1994-ல் ‘கிரீன் குளோப்’ என்ற திட்டம் தோன்றியது. டென்மார்க்கில் ‘கிரீன் கீ’ திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தொடக்கத்தில், முயற்சி செய்வதாக உறுதிகூறிச் சேர்ந்தாலே கிரீன் குளோப் சின்னத்தைப் பயன்படுத்த முடிந்தது. தேர்வு எழுத விண்ணப்பித்தவருக்கே பட்டம் கொடுப்பது போன்றது இது! கடும் கண்டனத்துக்குப் பின், தணிக்கை செய்து சான்று வழங்கும் முறை 1999-ல் வந்தது.

இத்திட்டங்கள் யாவும் பேசுவது ‘வளங்குன்றாச் சுற்றுலா’ பற்றி. இன்று வந்துபோகும் பயணிக்காக, நாளையும் அங்கேயே வாழப்போகிறவர்களின் நீரையும் காட்டையும் தீர்த்துவிடாத சுற்றுலா என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

கோஸ்டாரிக்கா காட்டிய வழி

இவற்றுள் ஆராயத்தக்க ஒன்று, மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிக்காவின் திட்டம். அந்நாட்டு அரசின் சுற்றுலா நிறுவனம் 1997-ல் இதனைத் தொடங்கியது. விடுதியின் சுற்றுப்புறம், விடுதியின் கட்டடமும் பணிகளும், விருந்தினரின் பங்கு, உள்ளூர் மக்களின் வாழ்வு ஆகிய நான்கு துறைகளில் ஏறத்தாழ 150 கேள்விகள். ஒவ்வொரு துறைக்கும் நூற்றுக்கு இவ்வளவு என மதிப்பெண். அதைப் பொறுத்துப் பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகள். படிகளைக் காட்டும் சின்னம் இலை.

இதில் நான் மிகவும் பாராட்டுவது ஒரு விதியை. நான்கு துறைகளின் சராசரியை அவர்கள் எடுக்கவில்லை; எந்தத் துறையில் விடுதி மிகத் தாழ்ந்திருக்கிறதோ, அத்துறையின் படியையே விடுதியின் படியாகக் கொண்டார்கள். ஒரு விடுதி 90, 85, 88, 30 என்று வாங்குகிறது என்போம். சராசரி 73; அதன்படி மூன்று இலை கிடைத்திருக்கும். அவர்கள் விதிப்படி 30-க்குரிய ஓர் இலைதான். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே அல்லவா? பூந்தோட்டம் வளர்த்து வாங்கிய மதிப்பெண்ணால் கழிவுநீரை மறைக்க முடியாது. இத்திட்டம் பின்னாளில் திருத்தியமைக்கப்பட்டது. எனினும் இந்தத் தொடக்க விதியிலிருந்து எல்லா நாடுகளும் பாடம் கற்கலாம்.

குறைகளும் உண்டு. கேள்விகள் பெரும்பாலும் ‘ஆம், இல்லை’ என்ற விடைக்குரியவை. “நீர்ச் சிக்கனத் திட்டம் உண்டா?” என்று கேட்டால் எழுதிவைத்த திட்டத்தைக் காட்டிவிடலாம். “சென்ற ஆண்டு எத்தனை கனமீட்டர் நீர் எடுத்தீர்கள்?” என்றால் மீட்டரைத்தான் காட்டவேண்டும். இக்குறை கோஸ்டாரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. 1996-ல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 14001 என்ற புகழ்பெற்ற தரமும் நிர்வாக முறையைத்தான் சோதிக்கிறது. இத்தனை யூனிட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டுவதில்லை.

வகுத்தலின் மாயம்

மீட்டரைப் பார்த்தாலும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. பெரும்பாலும் ‘ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு’ என்றே கணக்கிடுகிறார்கள். 40 அறை கொண்ட விடுதி ஒன்றில் 20 அறைகள் நிரம்பிய நாளில் 1,000 யூனிட் செலவு: அறைக்கு 50. மறு ஆண்டு விளம்பரம் பலித்து 40 அறையும் நிரம்புகிறது; செலவு 1,400 யூனிட்: அறைக்கு 35. அறைக் கணக்கில் 30 சதவீதம் மிச்சம். உண்மையில் செலவு 40 சதவீதம் கூடியிருக்கிறது! இரண்டு எண்களும் சரியானவையே. ஆனால் சுவரில் மாட்டப்படுவது முதல் எண் மட்டும்.

இயற்கைக்கு வகுத்தல் தெரியாது, கூட்டல்தான் தெரியும். கோஸ்டாரிக்காவின் வடமேற்கே குவானகாஸ்டே மாநிலம் மழை குறைந்த பகுதி. அழகிய கடற்கரைகள் நிறைந்தது. அங்கே சர்தினால் என்ற ஊரின் நிலத்தடி நீரைக் குழாய் வழியே கடற்கரைச் சுற்றுலாக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோக முயன்றபோது, 2008-ல் ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். அவர்களுடைய கவலை ஓர் அறைக்கு எத்தனை லிட்டர் என்பதன்று. தங்கள் ஊற்றிலிருந்து மொத்தம் எத்தனை லிட்டர் என்பதே. இக்கேள்வியை ஒவ்வொரு விடுதியாகச் சோதிக்கும் எந்தச் சான்றிதழும் தனித்துத் தீர்க்க இயலாது.

எல்லைக்கோட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். மாட்ரிட் நகரிலிருந்து கோஸ்டாரிக்காவின் தலைநகருக்குப் போய்வர ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். ஒரு பயணிக்குக் கிலோமீட்டருக்கு 90 கிராம் கரியமில வாயு என்று குறைத்தே மதித்தாலும் ஒன்றரை டன்! இது விடுதியின் வாயிற்படிக்கு வெளியே நடப்பது. இலைக் கணக்கில் சேர்வதில்லை. அதற்காக விடுதிக்காரரைக் குறைகூற முடியாது. ஆனால் ‘என் பயணமே பசுமையானது’ என்று பயணி எண்ணிக்கொள்வதற்கு அந்த இலை இடம் தரக்கூடாது.

அளப்பவர் யார்?

தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவனை நாம் நம்புவதில்லை. ‘புக்கிங் டாட் காம்’ என்ற பெரிய அறைப் பதிவு நிறுவனம் 2021-ல் விடுதிகளுக்குச் சுற்றுச்சூழல் படிநிலைகளை வழங்கத் தொடங்கியது. விடுதிகள் தாமே தெரிவித்த விவரங்களே அதற்குப் பெரும்பாலும் அடிப்படை. நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் இது மக்களைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று கருதியதால், 2024 மார்ச்சில் நிறுவனம் அதைக் கைவிட்டது. வெளியார் வழங்கும் சான்றிதழ்களையே காட்டும் முறைக்கு மாறியது.

வெளியார் என்றால் போதுமா? பல திட்டங்களில் தணிக்கைக் கட்டணத்தைச் செலுத்துபவர் விடுதிக்காரரே. கோஸ்டாரிக்காவில் சான்று தருவது அரசு நிறுவனம் என்றாலும், பயணிகளை வரவழைப்பதும் அதே நிறுவனத்தின் பணி. எனவே தணிக்கையாளரைத் தணிக்கை செய்ய ஒருவர் வேண்டும். உலக வளங்குன்றாச் சுற்றுலா மன்றம் இப்பணியைச் செய்கிறது. அது விடுதிகளுக்கு நேரே சான்று தருவதில்லை. ஒரு திட்டத்தின் விதிகள் தன் விதிகளோடு ஒத்திருந்தால் ‘ஏற்கப்பட்டது’ என்கிறது. சான்று வழங்கும் அமைப்பின் தணிக்கை முறையையும் சோதித்த பின்பே ‘தகுதி பெற்றது’ என்கிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். பாடத்திட்டம் நன்று என்பது வேறு. தேர்வு நேர்மையாக நடந்தது என்பது வேறு.

சட்டமும் விழித்துக்கொண்டிருக்கிறது. முறையான சான்றுத் திட்டத்தையோ அரசையோ சாராத பசுமைச் சின்னங்களைத் தடை செய்யும் ஆணையை ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இயற்றி, 2026 செப்டம்பர் 27-ஐ நடைமுறை நாளாகக் குறித்தது.

முடிவாக

சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தணிக்கையாளர் வருகிறார் என்பதற்காகவே கசியும் குழாயை அடைத்து, பாய்லருக்கு வெப்பக்காப்பு உறை போட்ட விடுதிகள் இருக்கும். அது மெய்யான லாபம். ஆனால் கட்டணம் கட்ட வசதியில்லாத நாலு அறை வீட்டு விடுதி ஒன்று வெயிலில் துணியை உலர்த்தி, வாளியில் வெந்நீர் தருகிறது. அதற்கு இலை இல்லை. நூறு தொட்டி வைத்த மாளிகைக்கு இலை உண்டு. இந்த அநீதி நீங்க ஒரு வழி இருக்கிறது: இலைக்குப் பக்கத்தில் மூன்று எண்களை எழுதி மாட்டட்டும். சென்ற ஆண்டின் மொத்த மின்சாரம், மொத்த நீர், தங்கிய விருந்தினர் எண்ணிக்கை. வகுத்தலை நாமே செய்துகொள்வோம், மொத்தத்தையும் பார்த்துக்கொள்வோம். மீட்டரைப் படிக்கக் கட்டணம் இல்லை. ஆகவே சிறியவரும் இதைச் செய்யலாம்.

மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரி விடுதியிலிருந்தே இதைத் தொடங்கலாம். மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும் மின்மீட்டரையும் நீர்மீட்டரையும் படித்து, தங்கியோர் எண்ணிக்கையோடு அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். பிறகு எங்கே பச்சை இலையைக் கண்டாலும், “அலகு என்ன?” என்ற கேள்வி தானாகவே உங்கள் வாயில் வரும்.