இரண்டு ரிக்‌ஷாக்களும் ஒரு விருதும்

"சிவாஜிக்கு ஒரு தேசிய விருதுகூடக் குடுக்கேல்லையே!" எம்மவர் கூடும் இடங்களில் புலம்பெயர்ந்த பின்னரும் ஓயாத ஆதங்கம் இது. எத்தனையோ பொருட்களை ஊரில் விட்டுவந்த நாம், எம்.ஜி.ஆர். - சிவாஜி சண்டையை மட்டும் மறவாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். ஆதங்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த விருது எதனை அளந்தது என்று நாம் கேட்டதில்லை.

இந்திய அரசின் திரைப்பட விருதுகள் 1954 இல் தொடங்கின. அப்போது நடிப்புக்கெனத் தனிப்பரிசு இல்லை. 1967 ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் சிறந்த நடிகருக்கு 'பரத்', சிறந்த நடிகைக்கு 'ஊர்வசி' என்ற விருதுகள் வந்தன. முதலாவது பரத் விருது வங்காளத்தின் உத்தம் குமாருக்குக் கிடைத்தது. 'பராசக்தி' (1952) முதல் 'கர்ணன்' (1964) வரையான சிவாஜியின் காலம் அதற்குள் கடந்துவிட்டது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக 1960 இல் கெய்ரோவின் ஆசிய-ஆபிரிக்கப் படவிழா அவரைச் சிறந்த நடிகராகத் தெரிவுசெய்தபோது, டில்லியிடம் கொடுப்பதற்கு அப்படியொரு பரிசே இருக்கவில்லை.

ஆகவே கேள்வி 1967க்குப் பிந்தியது. 1971 ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு தமிழ்த் திரையில் இரண்டு ரிக்‌ஷாக்கள் ஓடின. 'ரிக்‌ஷாக்காரன்' எம்.ஜி.ஆர். சைக்கிள் ரிக்‌ஷாவுடன் வந்து எப்போதும்போல் வெல்பவர். 'பாபு' சிவாஜி, ஒரு சிறுமியைப் படிக்கவைத்து ஆளாக்குவதற்காகக் கைரிக்‌ஷா இழுத்து உடல் தேய்பவர். விருது எம்.ஜி.ஆருக்குப் போனது. அவருடைய திரை ஈர்ப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் எல்லாப் படங்களிலும் தாமாகவே தோன்றுவதுதான் அவர் கலை. பிறனாக மாறுவதே நடிப்பு என்றால் அந்தத் தீர்ப்பை ஏற்பது கடினம்.

"எல்லாம் அரசியல்" என்று இதோடு முடித்துவிடலாம். ஆனால் அடுத்த ஆண்டுகள் அப்படி முடிக்க விடுவதில்லை. 1973 இல் 'நிர்மால்யம்' பி.ஜே. அந்தோனி, 1975 இல் 'சோமன துடி' வாசுதேவ ராவ், 1977 இல் 'கொடியேற்றம்' கோபி: நடுவர்கள் இப்போது புதிய சினிமாவின் ஊடாக நடிகரைப் பார்த்தார்கள். சிவாஜியின் 'மிகைநடிப்பு' அவர்களுக்கு ஒவ்வவில்லை என்பது வழக்கமான விளக்கம். ஆனால் அந்தோனியும் நாடக மேடையிலிருந்து வந்தவரே. அவருடைய வெளிச்சப்பாடு இறுதியில் கொள்ளும் ஆவேசம் அடங்கிய நடிப்பே அல்ல. அந்த ஆவேசத்தைத் தாங்கும் படம் அவருக்கு வாய்த்தது. எழுபதுகளில் சிவாஜிக்கு அத்தகைய படம் வாய்க்கவில்லை. அந்தக் குற்றத்தில் டில்லிக்குள்ள பங்கிலும் தமிழ்ச் சினிமாவின் பங்கு பெரிது என்பதே எமது கருத்து.

இன்னொன்றும் உண்டு. 1982 இல் 'மூன்றாம் பிறை'க்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகரானார். அப்படத்தைச் சரிபாதி சுமந்த ஸ்ரீதேவிக்கு நடிகை விருது கிடைக்கவில்லை. 'மாம்' (2017) படத்துக்காக அது அறிவிக்கப்பட்ட 2018 ஏப்ரலில் அவர் உயிரோடு இல்லை. அவருக்காக எம்மவர் எவரும் சண்டை பிடித்ததாக நாம் கேட்டதில்லை. அப்படியானால் நாம் இவ்வளவு காலமும் வாதாடியது நடிப்புக்காகவா, கட்சிக்காகவா?

2023 ஆம் ஆண்டுக்கான நடிகர் விருதை, 'டுவெல்த் ஃபெயில்' விக்ராந்த் மாசியுடன் 'ஜவான்' ஷாருக்கானும் பகிர்ந்துகொண்டார். 1971 இன் அளவுகோல் மீண்டும் வெளியே வந்திருக்கிறது. சிவாஜிக்கோ 'தேவர் மகன்' (1992) படத்துக்கு நடுவர் சிறப்பு விருதும், பின்னர் 1996 ஆம் ஆண்டுக்கான பால்கே விருதும் வந்தன. இரண்டும் ஒரு முதியவருக்குச் செய்த மரியாதைகளே.

விருது கிடைக்காத கலைஞனுக்கு விமர்சனமாவது கிடைத்திருக்க வேண்டும். 'பாபு'வில் அந்த உடல் எப்படித் தளர்கிறது, குரல் எங்கே உடைகிறது, எந்த இடத்தில் அது மிகையாகிறது என்று பத்துப் பக்கம் எழுதியவர் எம்மில் எத்தனை பேர்? டில்லி தராததைக் கணக்கு வைத்திருக்கும் நாம், நாம் தராததையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.