குற்றமற்ற மெடேயா யாருக்குத் தேவை?

கி.மு. 431இல் ஏதென்ஸ் நகரின் தியோனீசிய விழாவில் யூரிப்பிடீஸின் 'மெடேயா' அரங்கேறியது. மூன்று நாடகாசிரியர்கள் போட்டியிட்டதில் அவருக்குக் கிடைத்தது மூன்றாவது இடம். எழுதியவர் ஆண். மெடேயாவாக நடித்தவரும், கொரிந்து நகரத்துப் பெண்களாகக் குழுவில் பாடியவர்களும்கூட ஆண்களே.

கதை தெரிந்ததுதான். கொல்கிஸ் நாட்டு இளவரசி மெடேயா, பொன் ரோமம் கொண்ட ஆட்டுத்தோலைத் தேடி வந்த ஜேசனுக்கு உதவுகிறாள். அவனுக்காகத் தந்தைக்குத் துரோகம் செய்து, உடன்பிறந்தவனைப் பலிகொடுத்து, நாட்டைவிட்டே வருகிறாள். கொரிந்தில் அவன் அரசன் மகளை மணக்கிறான். மெடேயாவுக்கோ நாடுகடத்தல் ஆணை.

அப்போது அவள் கொரிந்துப் பெண்களிடம் பேசுகிறாள். சீதனம் கொடுத்து நம் உடலுக்கு ஓர் எஜமானனை வாங்குகிறோம். அவன் நல்லவனா கெட்டவனா என்பது வாங்கிய பிறகே தெரியும். பிரிந்துவந்தால் அவமானம் நமக்கு. ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை போர்க்களத்தில் நிற்கத் தயார் என்கிறாள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாக்குரிமைக்குப் போராடிய பெண்கள், கில்பர்ட் மர்ரேயின் மொழிபெயர்ப்பில் இந்தப் பேச்சைத் தங்கள் கூட்டங்களில் வாசித்திருக்கிறார்கள்.

ஆனால் இதே வாய்தான் பின்னர் தன் இரு மகன்களையும் கொல்லும் முடிவைச் சொல்கிறது. பேச்சைக் கொண்டாடுகிறவர்கள் கொலையை என்ன செய்வது?

ஜெர்மன் எழுத்தாளர் கிறிஸ்டா வொல்ஃப் 1996இல் வெளியிட்ட 'மெடேயா: குரல்கள்' நாவல் இதற்கு ஒரு விடை தருகிறது: அவள் கொல்லவேயில்லை. இது வெறும் கற்பனையல்ல. பிள்ளைகளைக் கொரிந்து மக்களே கல்லெறிந்து கொன்றதாக ஒரு மரபை பயணியான பௌசானியஸ் பதிவுசெய்திருக்கிறார். வொல்ஃப் அந்த இழையைப் பிடித்துக்கொள்கிறார். ஆறு பாத்திரங்கள் மாறிமாறிப் பேசும் நாவலில், அரண்மனைக்கு அடியில் ஒரு சிறுமியின் எலும்புகளை மெடேயா கண்டுபிடிக்கிறாள். அதிகாரம் கைமாறிவிடக் கூடாது என்று அரசன் கிரியோன் பலிகொடுத்த சொந்த மகள் அவள். இந்த ரகசியம் தெரிந்தவளை நகரம் விட்டுவைக்குமா? தம்பியைக் கொன்ற பழி, கொள்ளைநோயின் பழி, கடைசியில் பிள்ளைகளைக் கொன்ற பழி என எல்லாம் அவள் தலையில் விழுகின்றன. அந்நியப் பெண் ஒருத்தி எப்படிக் குற்றவாளியாகத் தயாரிக்கப்படுகிறாள் என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய மறுவாசிப்புகள் அதிகமில்லை.

ஆனாலும் ஒரு நெருடல். பெண்ணின் நியாயத்தைச் சொல்ல, முதலில் அவள் கையிலிருந்த ரத்தத்தைக் கழுவியாக வேண்டுமா? வொல்ஃபின் மெடேயா அறிவும் கருணையும் நிறைந்தவள், மருத்துவம் தெரிந்தவள், யாருக்கும் தீங்கு நினைக்காதவள். நாம் அவள் பக்கம் நிற்பதில் எந்தச் சிரமமும் இல்லை. சிக்கலே அங்குதான். கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல்துறைக்கு வொல்ஃப் இளவயதில் சிறிதுகாலம் தகவல் அளித்திருந்தது 1993இல் வெளியாகி, கடுமையான கண்டனத்துக்கு உள்ளானார். கறைபடிந்தவராகப் பார்க்கப்பட்ட எழுத்தாளர், கறையே இல்லாத ஒருத்தியை எழுதுகிறார். அந்த வேதனை புரிகிறது. ஆனால் கறையோடிருப்பவளின் கதை அங்கே எழுதப்படாமல் போகிறது.

அதை எழுதியவர் டோனி மாரிசன். கென்டக்கியில் அடிமையாக இருந்த மார்கரெட் கார்னர், 1856இல் தப்பிப் பிடிபட்டபோது, மீண்டும் அடிமைத்தனத்துக்குப் போகக் கூடாதென்று தன் சிறு மகளைக் கொன்றார். 1867இல் தாமஸ் நோபிள் அவரை வரைந்த ஓவியம் 'நவீன மெடேயா' என்று அறியப்பட்டது. பொருந்தாத பெயர், கணவனைப் பழிவாங்க கார்னர் கத்தியை எடுக்கவில்லை. அந்த நிகழ்விலிருந்து பிறந்த 'பிலவ்ட்' (1987) நாவலில் தாய் சேத்தே கொன்றவள்தான். மாரிசன் அவளை விடுவிக்கவுமில்லை, தண்டிக்கவுமில்லை. இறந்த மகளையே வீட்டுக்குத் திரும்ப வரவைத்து, அந்தச் செயலோடு அவளை வாழவைக்கிறார். பிள்ளையின் உயிரும் அங்கே சிறிதாகிவிடுவதில்லை.

யூரிப்பிடீஸும் மெடேயாவைக் குற்றமற்றவளாக்கவில்லை. தாத்தாவான சூரியன் தந்த தேரில், பிள்ளைகளின் பிணங்களோடு அவள் மேலே நிற்க, ஜேசன் கீழே நின்று கதறுகிறான். அதற்காக அவள் கொரிந்துப் பெண்களிடம் சொன்ன ஒரு சொல்லும் பொய்யாகிவிடவில்லை.

புகார் சொல்ல வரும் பெண்ணிடம் முதலில் அவள் நடத்தையைத்தான் விசாரிக்கிறார்கள். சற்றே கறை தெரிந்தால் புகாரும் செத்துவிடும். நம் மறுவாசிப்புகளும் அதே நற்சான்றிதழைக் கேட்டால், கொரிந்து நகரத்தாருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?