ஓய்வுபெற்ற எண்களும் உட்காரவைக்கப்பட்ட வில்லிஸ் வார்டும்

2025 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இரண்டு எண்களுக்கு ஓய்வு கொடுத்தது. ஒன்று 2, இன்னொன்று 12. இனி அந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியில் எவரும் இந்த எண்களைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆட முடியாது. (நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டமல்ல இது. தலைக்கவசம் மாட்டி, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஆளோடு ஆள் மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம்.) 2 என்பது ஷெடூர் சாண்டர்ஸின் எண். 12 என்பது டிராவிஸ் ஹண்டரின் எண். ஓர் ஆட்டக்காரரைக் கௌரவிக்க அவர் எண்ணை யாரும் தொடாமல் வைப்பது அங்கே பழைய வழக்கம். கோயிலில் ஒரு கதவைப் பூட்டி வைப்பது மாதிரி.

இதுல எழுத என்ன இருக்கு, யாரோ எங்கேயோ பந்தாடுகிறார்கள் என்று நண்பர்கள் கேட்கலாம். விவாதம் எந்தச் சொல்லைச் சுற்றி நடக்கிறது என்று பார்த்தால் கேட்கமாட்டார்கள். அந்தச் சொல் 'தகுதி'.

ஹண்டரின் தகுதி பற்றிப் பெரிய சண்டை இல்லை. தாக்குதலிலும் தடுப்பிலும் ஒரே ஆட்டத்தில் இறங்கி ஆடியவர். கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான ஆகப் பெரிய விருதான ஹைஸ்மனை 2024-ல் வாங்கியவர். சாண்டர்ஸ் விஷயத்தில்தான் சண்டை. கொலராடோவுக்கு அவர் ஆடியது இரண்டே பருவங்கள். 2023-ல் அணிக்கு 4 வெற்றி, 8 தோல்வி. 2024-ல் 9 வெற்றி, 4 தோல்வி. அணியின் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் அவருடைய அப்பா. 1890-ல் தொடங்கிய அந்த அணியில் இதற்கு முன் ஓய்வுபெற்ற எண்கள் நான்குதான். பின்னாளில் உச்சநீதிமன்ற நீதிபதியான பைரன் வைட்டின் 24 அதில் ஒன்று. 1994-ல் ஹைஸ்மன் வாங்கிய ரஷான் சலாமின் 19 இன்னொன்று. சலாம் 2016-ல் இறந்துபோனார். அவர் எண்ணுக்கு ஓய்வு கிடைத்தது 2017-ல். 1990-ல் தேசியப் பட்டம் வென்ற அணியிலிருந்து ஒருவர் எண்கூடப் பட்டியலில் இல்லை. சலாமுக்கு 23 வருஷம் கழித்து, அதுவும் செத்த பிறகு. பயிற்சியாளர் மகனுக்கு நாலு மாசத்திலேயா? எதிர்ப்பின் சாரம் இதுதான்.

நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் ஒரே தராசை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் பேசுகின்றன. எத்தனை விருது, எத்தனை பட்டம், எத்தனை கெஜம் ஓடினார், எத்தனை ஆண்டு பொறுத்திருக்க வேண்டும் என்று எடைக்கற்களைப் பற்றித்தான் தகராறு. தராசு யார் கையில் இருக்கிறது என்பது கேள்வியாக எழுவதே இல்லை. 1990-ல் மண்டல் குழுப் பரிந்துரைக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் கையில் இருந்ததும் 'தகுதி' என்ற இதே சொல்தான் என்பதை நாம் மறக்க முடியாது. எனவே இந்தப் பிரதியை அதன் சொந்த மண்ணில் வைத்தே கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம்.

முதலில், எண் யாருடையது? ஆட்டக்காரனின் பெயர் அவனுடையது. எண் பல்கலைக்கழகம் கொடுத்தது. கல்லூரி ஆட்டக்காரர்கள் 'அமெச்சூர்கள்', உதவித்தொகைக்கு மேல் காசு வாங்கக்கூடாது என்பது கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு வெகுகாலம் வைத்திருந்த விதி. ஆகவே கடைகளில் ஆட்டக்காரனின் ஜெர்சி விற்றது. அதில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். பெயர் போட்டால் பெயருக்குரியவனுக்குப் பங்கு கொடுக்க வேண்டிவரும். 2013 ஆகஸ்டில் ஜே பைலஸ் என்ற வர்ணனையாளர், என்.சி.ஏ.ஏ.வின் சொந்த இணையக் கடையில் ஆட்டக்காரர்களின் பெயரைத் தட்டிப் பார்த்தார். பெயரைத் தட்டினால் அவரவர் எண்ணிட்ட ஜெர்சி வந்து நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு அந்த விற்பனையை நிறுத்தினார்கள். வீடியோ விளையாட்டுகளிலும் இதே கதைதான். உயரம், எடை, நிறம், எண் எல்லாம் ஒரு நிஜ ஆட்டக்காரனுடையது. பெயர் மட்டும் கிடையாது. குறிப்பானை விற்று, குறிக்கப்பட்டவனைப் பட்டினி போட்ட ஏற்பாடு இது. 2021 ஜூலையில்தான் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க ஆட்டக்காரர்களுக்கு அனுமதி வந்தது. பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றது 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்படிக்கை.

இந்தப் பின்னணியில் எண்ணுக்கு ஓய்வு கொடுப்பது என்ன செயல்? பல்கலைக்கழகம் தன் சொத்தில் ஒன்றை எடுத்து, தனக்கு உழைத்தவனின் பெயரை அதன்மேல் எழுதி, தன் சுவரிலேயே மாட்டிக்கொள்கிறது. கூலிக்குப் பதில் புனிதம்.

இந்தப் புனிதம் யாருக்குக் கிடைக்கும்? மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போவோம். 1994-ல் அங்கே 48 என்ற எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அது ஜெரால்ட் ஃபோர்டின் எண். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானவர். ஃபோர்டின் கடைசிப் பருவம் 1934. அந்தப் பருவத்தில் மிச்சிகன் எட்டு ஆட்டங்கள் ஆடி ஒன்றே ஒன்றில்தான் வென்றது. வென்ற அந்த ஓர் ஆட்டம்தான் இங்கே முக்கியம்.

1934 அக்டோபர் 20. எதிரணி, தெற்கிலிருந்து வந்த ஜார்ஜியா டெக். மிச்சிகன் அணியில் வில்லிஸ் வார்ட் என்ற கறுப்பர் ஆடிக்கொண்டிருந்தார். அவர் எண் 61. 1890-களில் ஆடிய ஜார்ஜ் ஜூவெட்டுக்குப் பிறகு மிச்சிகன் அணிக்குள் வந்த முதல் கறுப்பர் அவர். ஒரு கறுப்பன் எதிரே நின்றால் ஆடமாட்டோம் என்றது ஜார்ஜியா டெக். மாணவர்கள் எதிர்த்தார்கள், கூட்டம் போட்டார்கள். பல்கலைக்கழகம் வார்டை வெளியே உட்கார வைத்தது. பதிலுக்கு ஜார்ஜியா டெக்கும் தன் ஆட்டக்காரர் ஒருவரை உட்கார வைத்தது. சமன் செய்துவிட்டார்களாம்! வார்டின் நண்பரான ஃபோர்டு ஆட மறுக்க நினைத்தார் என்றும், வார்டே அவரை ஆடச் சொன்னார் என்றும் சொல்லப்படுகிறது. ஃபோர்டு ஆடினார். மிச்சிகன் 9-2 என்று வென்றது.

இப்போது தராசை எடுங்கள். 48-க்குத் தகுதி உண்டு, 61-க்கு இல்லை. புள்ளிவிவரம் அப்படித்தான் சொல்லும். ஆடவிடாத ஆட்டத்தில் வார்ட் ஒரு கெஜம்கூட ஓடவில்லை அல்லவா? விலக்கியவனே அளக்கவும் செய்யும்போது, விலக்கம் கணக்கில் பூஜ்யமாக மட்டுமே பதிவாகும். அந்தப் பூஜ்யத்துக்குப் பெயர்தான் 'தகுதியின்மை'. ஃபோர்டின் எண் ஓய்வுபெற்றதற்கு அவர் ஆட்டம் மட்டுமே காரணம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆக, ஆடுகளத்துக்கு வெளியே நடந்ததையும் தராசு நிறுக்கத்தான் செய்கிறது. ஜனாதிபதி பதவியை நிறுக்கிறது, அநியாயத்தை நிறுக்க மறுக்கிறது.

ஃபோர்டு இதை மறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கையில் கறுப்பர் முதலானோருக்கான சிறப்புக் கவனிப்பை எதிர்த்து வழக்குகள் நடந்த நேரம். 1999 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் அந்த முறையை ஆதரித்துக் கட்டுரை எழுதிய ஃபோர்டு, வில்லிஸ் வார்டின் கதையைத்தான் சாட்சியாக வைத்தார். குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரை இட ஒதுக்கீட்டின் பக்கம் பேச வைத்தது உட்கார்ந்திருந்த அந்த உடல். ஆனால் 2006-ல் மிச்சிகன் வாக்காளர்கள் அந்த முறையைத் தடை செய்தார்கள். 2023-ல் உச்சநீதிமன்றம் நாடு முழுக்க மாணவர் சேர்க்கையில் அதற்கு முடிவு கட்டியது. இரண்டு இடத்திலும் வென்ற சொல் 'தகுதி'.

தராசின் ஒழுக்கத்தையும் பார்த்துவிடலாம். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ் 2005-ல் ஹைஸ்மன் வாங்கினார். மாணவராக இருந்தபோது அவரும் குடும்பமும் வெளியாரிடம் பணமும் வசதியும் பெற்றதாக என்.சி.ஏ.ஏ. 2010-ல் தண்டனை விதித்தது. விருது போயிற்று, 5 என்ற எண்ணின் கௌரவமும் போயிற்று. காசு வாங்குவது சட்டபூர்வமாகிவிட்ட பிறகு 2024 ஏப்ரலில் விருதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 32 என்பது ஓ.ஜே. சிம்ப்சனின் எண். இரட்டைக் கொலை வழக்கில் 1995-ல் விடுதலையானவர்; அந்த மரணங்களுக்கு அவரே பொறுப்பு என்று 1997-ல் உரிமையியல் வழக்கில் தீர்ப்பானது; 2008-ல் ஆயுதக் கொள்ளையில் தண்டனை பெற்றவர். அவருடைய ஹைஸ்மன் பட்டியலிலேயே இருக்கிறது, 32-ம் ஓய்வுபெற்ற எண்ணாகவே இருக்கிறது. சிம்ப்சனின் பெயரை அழிக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். ஏற்பாட்டின் கண்ணில் எது மன்னிக்க முடியாத குற்றமாக இருந்தது என்று கவனியுங்கள்: உழைத்தவன் காசு வாங்கியது.

அப்படின்னா இந்த எண்களையெல்லாம் தூக்கிப்போட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ரசிகனின் நினைவு பொய்யல்ல. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் 44 வேறொரு கதை சொல்கிறது. 1950-களில் ஜிம் பிரவுன் அதை அணிந்தார். முதலாண்டில் அவருக்குக் கால்பந்து உதவித்தொகைகூடக் கிடையாது. பிறகு எர்னி டேவிஸ் அணிந்தார். 1961-ல் ஹைஸ்மன் வாங்கிய முதல் கறுப்பர். தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடாமல் 1963-ல், 23 வயதில் இரத்தப் புற்றுநோயில் இறந்தார். பிறகு ஃப்ளாய்ட் லிட்டில். மூவரும் கறுப்பர்கள். அந்த எண் ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்குக் கைமாறி வந்தது. பல்கலைக்கழகத்தின் அஞ்சல் குறியீடே 13244 என்று ஆனது. அணிவதுதான் அங்கே மரியாதை. முன்னால் அணிந்தவனுக்கு அணிபவன் பதில் சொல்லியாக வேண்டும். 2005-ல் அதற்கும் ஓய்வு கொடுத்துக் கூரையில் ஏற்றிவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த நினைவை அருங்காட்சியகப் பொருளாக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கடைசியாக ஜாக் டிரைஸ். அயோவா ஸ்டேட் அணியின் முதல் கறுப்பு ஆட்டக்காரர். 1923 அக்டோபர் 6 அன்று மின்னசோட்டாவுடன் நடந்த ஆட்டத்தில் மிதிபட்டு, 8-ம் தேதி இறந்தார். வயது 21. எந்தத் தகுதிப் பட்டியலிலும் அவர் வரமாட்டார். விருது இல்லை, பட்டம் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஆட்டக் கணக்கும் இல்லை. ஆனாலும் இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்கு அவர் பெயர்தான். நிர்வாகம் தானாகக் கொடுத்ததல்ல. 1970-களிலிருந்து மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டார்கள். 1984-ல் ஆடுகளத்துக்கு மட்டும் அவர் பெயரை வைத்துச் சமாளித்தார்கள். மாணவர்கள் விடவில்லை. 1997-ல் மைதானம் முழுவதற்கும் வந்தது.

யாருக்குத் தகுதி என்று கேட்டிருந்தால் டிரைஸ் கிடைத்திருக்கமாட்டார். யாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்டதால் கிடைத்தார். சாண்டர்ஸின் 2 பற்றிச் சண்டை போடுகிறவர்கள் போடட்டும். மிச்சிகனின் ஓய்வுபெற்ற எண்களில் 48 இருக்கிறது, 61 இல்லை. அந்த 61 பற்றி யார் கேட்பது?