அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து: எதிரணியோடு சேர்த்து ரசிப்பது எப்படி?

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணி காத்து நிற்கும் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் அமெரிக்கக் கால்பந்து, தொழில்முறைக் கழகங்கள் தோன்றுவதற்கு முன்பே பல்கலைக்கழகங்களின் ஆட்டமாக வளர்ந்தது. 1869 நவம்பர் 6ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை 6–4 என்ற கணக்கில் வென்றதே கல்லூரிகளுக்கிடையிலான முதல் பந்தயமாகக் கொள்ளப்படுகிறது. அன்றைய விதிகள் இன்றைய சாக்கருக்கே நெருக்கமானவை என்றாலும், இரண்டு கல்விக்கூடங்கள் தம் மாணவர்களைக் களத்தில் இறக்கி ஊர் பார்க்க மோதவிடும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. இன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் 1,07,601 பேர் அமரலாம். நாட்டின் தொழில்முறை அணிகள் எதற்கும் அத்தனை பெரிய சொந்த அரங்கு இல்லை.

இந்தப் பெருங்கூட்டம் எதை நேசிக்கிறது என்பதைப் புரிந்துகொள்வதே ரசனையின் முதல் படி. வீரர்கள் நான்கைந்து ஆண்டுகளில் படிப்பை முடித்தோ வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியோ போய்விடுகிறார்கள், பயிற்சியாளர்களும் மாறுகிறார்கள், ரசிகர் மட்டும் தம் பதினெட்டு வயதில் தொடங்கிய பற்றை முதுமைவரை சுமந்து, பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆகவே அவர் பற்று வைத்திருப்பது ஒரு நிறுவனத்தின் மீது. அந்த நிறுவனம் களத்தில் வெல்வதில் அவருக்குப் பங்கு உண்டென்றால், களத்துக்கு வெளியே அது யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது என்ற கேள்வியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. நூறு கெஜ நீளக் களத்தில் அணிக்குப் பதினொருவர் ஆடுகிறார்கள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. டவுன் எனப்படும் அந்த முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையேல் பந்து எதிரணிக்குப் போகும். எல்லைக்குள் பந்தைச் சேர்த்தால் ஆறு புள்ளிகள். அதற்கு டச்டவுன் என்று பெயர். கம்பங்களுக்கிடையே உதைத்து அனுப்பினால் மூன்று.

புதிதாகப் பார்ப்பவரின் கண் இயல்பாகவே பந்தின் பின்னால் ஓடும். அதை அடக்கப் பழக வேண்டும். பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முந்தைய சில நொடிகளில், தற்காப்பு அணியின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டி எனப்படும் இருவரைப் பார்க்க வேண்டும்: இருவரும் பின்னால் ஆழமாக நின்றால் நீண்ட எறிதலுக்கு அஞ்சுகிறார்கள் என்று பொருள், ஒருவர் மெல்ல முன்னே நகர்ந்து வந்தால், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று கொள்ளலாம், அல்லது அப்படி எதிர்பார்ப்பதாகக் காட்டி ஏமாற்றுகிறார்கள். அதைப் படித்து நொடியில் திட்டத்தை மாற்றுவது குவார்ட்டர்பேக்கின் வேலை. ஒவ்வொரு முயற்சியிலும் பந்தைப் பெற்று, எறிவதா பிறரிடம் கொடுப்பதா என்று முடிவெடுப்பவர் அவரே. பந்து நகர்ந்தவுடன் அவருக்கு முன்னால் சுவர்போல் நிற்கும் ஐவரைக் கவனிக்க வேண்டும். அவர்களில் கார்டு எனப்படும் ஒருவர், தம் எதிரே நிற்பவரை முட்டாமல் பின்வாங்கி, பக்கவாட்டில் விரைந்து, மறுபுறத்தில் ஓடவிருக்கும் தம் ஆளுக்கு வழி திறந்துவிடுவார். புள்ளிப்பட்டியலில் அவர் பெயர் வராது. ஆனால் அந்த ஓட்டத்தை உண்மையில் உண்டாக்கியவர் அவர்தான். அதைக் கண்டுகொள்ளப் பழகியவருக்கு ஆட்டம் ஒவ்வொரு முறையும் இரண்டு அறிவுகளின் வாதமாகத் தெரியத் தொடங்கும். எதிரணி ஏன் சிறப்பாக ஆடுகிறது என்று சொல்லத் தெரியாதவரால் தம் அணி ஏன் வென்றது என்றும் சொல்ல இயலாது.

எதிரணியைப் பற்றிய இந்த அறிவு மிச்சிகன், ஓஹயோ ஸ்டேட் ஆகிய இரு பல்கலைக்கழகங்களுக்கிடையிலான பகையில் உச்சத்தை அடைகிறது. 1897இல் தொடங்கிய இந்தத் தொடர், இப்போது வழக்கமாக நவம்பர் இறுதியில், பருவத்தின் முறையான பந்தயங்களில் கடைசியாக நடக்கிறது. ஓஹயோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸ் நகரில் அந்த வாரம் முழுவதும், வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் மிச்சிகனின் முதலெழுத்து எங்கிருந்தாலும் அதன்மேல் சிவப்பு நாடாவைக் குறுக்காக ஒட்டிவிடுகிறார்கள். அதே கொலம்பஸில், ஓஹயோ ஸ்டேட் இசைக்குழு நடந்தவாறே ஓஹயோ என்ற மாநிலப் பெயரைக் களத்தில் கையெழுத்து வடிவில் எழுதிக்காட்டும் புகழ்பெற்ற அணிவகுப்பு 1936இல் தொடங்கியது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1932இல், கொலம்பஸ் அரங்குக்கு விருந்தாளியாக வந்த மிச்சிகன் இசைக்குழு அதே பெயரைக் களத்தில் எழுதிக்காட்டியிருந்தது. ஒரு தரப்பின் மரபுக்குள் எதிர்த் தரப்பின் கைவண்ணம் இப்படிக் கலந்துகிடப்பதை அறிந்தவருக்குப் பகையின் சுவை கூடுமே தவிரக் குறையாது.

2006 நவம்பர் 18 அன்று, தோல்வியே காணாத இவ்விரு அணிகளும் தரவரிசையில் முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் இருந்து மோதின. மிச்சிகனின் பழம்பெரும் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் முந்தைய நாள்தான் இறந்திருந்தார். பல ஆண்டுகள் தங்களைத் தோற்கடித்த அந்த மனிதருக்காகக் கொலம்பஸ் அரங்கு மௌனம் காத்து அஞ்சலி செலுத்தியது. பந்தயத்தை ஓஹயோ ஸ்டேட் 42–39 என்று வென்றது. அயோவா பல்கலைக்கழக அரங்கில் 2017 முதல் நிலவும் வழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது: முதல் கால்பகுதி முடிந்ததும் அரங்கில் உள்ள அனைவரும் திரும்பி, அருகே உயர்ந்து நிற்கும் குழந்தைகள் மருத்துவமனையின் சன்னல்களை நோக்கிக் கையசைக்கிறார்கள், வந்திருக்கும் எதிரணி வீரர்களும் அதில் சேர்ந்துகொள்கிறார்கள். அந்த எதிரணி உடைமாற்றும் அறைக்கோ இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. உளவியல் படித்த முன்னாள் பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரை, எதிரியின் வேகத்தைத் தணிக்க அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். சீண்டலும் அன்பும் ஒரே அரங்கில் இருக்க முடியும்; கல்லூரி ஆட்டத்தின் தனிச்சுவை அதில் பெருமளவு அடங்கியிருக்கிறது.

ஷெம்பெக்லரின் கதை அந்த அஞ்சலியோடு முடியவில்லை. மிச்சிகனில் 1966 முதல் 2003 வரை பணியாற்றிய ராபர்ட் ஆண்டர்சன் என்ற மருத்துவர், விளையாட்டு வீரர்கள் உள்ளிட்ட மாணவர்களைப் பரிசோதனை என்ற பெயரில் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக, 2021 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. ஏறத்தாழ 1,050 பேருக்கு 49 கோடி டாலர் இழப்பீடு தருவதாகப் பல்கலைக்கழகம் 2022 சனவரியில் ஒப்புக்கொண்டது. ஷெம்பெக்லரிடமே முறையிட்டதாக முன்னாள் வீரர்களும் அவருடைய மகன்களில் ஒருவரும் சொன்னார்கள். குடும்பத்தில் வேறு சிலர் அதை மறுத்தார்கள். எதிர்த் தரப்பின் கதையும் இதுவேதான். ஓஹயோ ஸ்டேட்டில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்ற மருத்துவர் குறைந்தது 177 மாணவர்களை இவ்வாறு துன்புறுத்தினார் என்றும், 1979ஆம் ஆண்டிலேயே பணியாளர்கள் சிலருக்கு இது தெரிந்திருந்தது என்றும் 2019இல் வந்த அறிக்கை உறுதிசெய்தது. ஆனால் 1998இல் அவர் மதிப்புறு பேராசிரியர் என்ற சிறப்போடு ஓய்வு பெற்றிருந்தார். அந்தச் சிறப்பு 2019இல்தான், அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, பறிக்கப்பட்டது.

எதிரணியின் இழிவைக் கோஷமாக்கும் வழக்கத்தை ரசிகர் கைவிட வேண்டியதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. எதிர்ப்பக்கத்து அரங்கை நோக்கி இத்தகைய குற்றத்தின் பெயரைச் சொல்லிக் கூவும்போது, அங்கே அமர்ந்திருக்கும் பாதிக்கப்பட்டவரும் அதைக் கேட்கிறார். தம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பாதிக்கப்பட்டவரும் கேட்கிறார். ஒருவர் பட்ட துன்பம் புள்ளிப்பட்டியலில் ஏற்றப்படும் பொருளாகிவிடுகிறது. தம் நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் துணிவு இல்லாதவருக்கு எதிர் நிறுவனத்தைக் கேட்கும் உரிமையும் இல்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கேள்வி கேட்பதற்கான கருவிகள் சட்டத்தில் உள்ளன. மத்திய அரசின் நிதியைப் பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும், டைட்டில் நைன் எனப்படும் 1972ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் வன்முறைப் புகார்களை நிறுவனங்கள் முறையாகக் கையாள வேண்டும் என்ற கடமையையும் உள்ளடக்குவதாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. 1990ஆம் ஆண்டின் கிளெரி சட்டம், வளாகக் குற்றங்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடக் கட்டாயப்படுத்துகிறது. என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தை மட்டும் நம்பியிருப்பது வீண். பென் ஸ்டேட் அணியின் முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஜெரி சாண்டஸ்கி, பத்துச் சிறுவர்களைச் சீரழித்த வழக்கில் 2012 சூனில் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டதும், அச்சங்கம் ஆறு கோடி டாலர் அபராதம் விதித்து, 1998 முதலான 112 வெற்றிகளையும் அழித்தது. 2015இல் அந்த வெற்றிகளைத் திருப்பிக் கொடுத்தது. டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தைப் பற்றியோ, அங்கே நடந்த தவறுகள் கொடியவை என்றாலும் தன் விதிகளின்கீழ் அவற்றைத் தண்டிக்க இயலாது என்று 2021இல் தீர்ப்பளித்தது.

பேய்லரின் கதையை ரசிகர் நிறுத்திப் படிக்க வேண்டும். பாலியல் வன்முறைப் புகார்களைக் கால்பந்துப் பிரிவினர் உரிய அதிகாரிகளிடம் கொண்டுசெல்லாமல் தாங்களே கையாண்டார்கள் என்ற கண்டறிதலைத் தொடர்ந்து, 2016 மே மாதம் தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் நீக்கப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரும் பதவியை இழந்தார். ஆனால் விசாரித்த வழக்கறிஞர்கள் தங்கள் முடிவுகளை வாய்மொழியாகவே தெரிவித்தார்கள். பொதுமக்களுக்குக் கிடைத்தது பதின்மூன்று பக்கச் சுருக்கம் மட்டுமே. அவ்வாண்டு நவம்பரில், டி.சி.யூ. அணியுடனான உள்ளூர்ப் பந்தயத்துக்கு ரசிகர்களில் ஒரு பகுதியினர், நீக்கப்பட்ட பயிற்சியாளரின் பெயர்ச்சுருக்கம் அச்சிட்ட கருப்புச் சட்டை அணிந்து வந்தார்கள். பேய்லர் 62–22 என்று தோற்றது. ஆண்டுக்கணக்கில் தங்கள் அரங்கிலேயே அமர்ந்திருந்த மாணவிகளுக்கு அந்தச் சட்டை என்ன சொல்லியிருக்கும் என்று அணிந்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒரு புகார் செய்தியாகும்போது பார்க்க வேண்டியவை இதிலிருந்தே புலப்படும். விசாரிப்பது வெளியாரா, விளையாட்டுத் துறையேயா. எழுத்துவடிவில் முழு அறிக்கை உண்டா, அது வெளியாகுமா. புகார் சொன்னவர் படிப்பைத் தொடர முடிந்ததா, அல்லது அவரே வளாகத்தை விட்டுப் போக நேர்ந்ததா. தெரிந்தும் பேசாதிருந்த அதிகாரிகளுக்கு என்ன நேர்ந்தது. இதே ஒழுங்கு குற்றம்சாட்டப்பட்டவருக்கும் நீதி செய்யும். 2006இல் டியூக் பல்கலைக்கழகத்தின் லக்ராஸ் அணி வீரர்கள் மூவர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு, மறு ஆண்டே ஆதாரமற்றதென மாநிலத் தலைமை வழக்கறிஞரால் கைவிடப்பட்டு, வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் தொழில் உரிமத்தை இழந்தார். முடிவு தெரியும்வரை பொறுப்பதும், முடிவு தெரிந்தபின் மறுக்காதிருப்பதும் ஒரே பண்பின் இரு பகுதிகள்.

பென் ஸ்டேட்டில் சாண்டஸ்கி விவகாரத்தை ஒட்டித் தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ நீக்கப்பட்ட 2011 நவம்பர் 9 இரவில் மாணவர் கூட்டம் தொலைக்காட்சி வண்டியைக் கவிழ்த்தது. மூன்று நாட்கள் கழித்து நெப்ராஸ்காவுடன் நடந்த பந்தயத்துக்கு முன்னர் இரு அணி வீரர்களும் களத்தின் நடுவே ஒன்றாக மண்டியிட்டு வேண்டினார்கள். அன்றைய தினம் எதிரணியே அந்த ஊருக்கு மிகவும் தேவைப்பட்டது.

ரசிகரின் கையில் கோஷத்தைவிடக் கூர்மையான கருவியும் உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் பெரிய பொதுப் பல்கலைக்கழகங்களான மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட் இரண்டின் ஆட்சிமன்ற உறுப்பினர்களும் மாநில மக்களின் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். எனவே அங்கு வாழும் ரசிகர் ஒவ்வொருவரும் வாக்காளரும்கூட. நூற்றுக்கணக்கான பெண்களைத் துன்புறுத்திய மருத்துவர் லாரி நாசரைப் பணியில் வைத்திருந்த மிச்சிகன் ஸ்டேட், பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 கோடி டாலர் தர 2018இல் இணங்கிய பிறகும், 6,000க்கும் மேற்பட்ட ஆவணங்களை மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் ஒப்படைக்காமல் ஐந்தாண்டுகளுக்கு மேல் நிறுத்திவைத்தது. 2023 டிசம்பரில்தான் ஆட்சிமன்றம் வாக்கெடுத்து அவற்றை விடுவித்தது. அவற்றில் புதிய குற்றச்செய்தி எதுவும் இல்லையென மறு ஆண்டு விசாரணை முடிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஆட்சிமன்றக் கூட்டங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து கேட்டது, இதைத் தெரிந்துகொள்ளும் உரிமையைத்தான்.