மீட்டர் கேஜும் குப்குப் ஓசையும்

சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டிய ரயில் அருங்காட்சியகம் 2002இல் திறக்கப்பட்டது. பழைய நீராவி எஞ்சின்களும் பெட்டிகளும் அங்கே திறந்தவெளியில் நிற்கின்றன. சிவகாசிப் பக்கத்து ஆட்கள் தண்டவாள இடைவெளியையும் கவனிக்கலாம். விருதுநகரிலிருந்து சிவகாசி, ராஜபாளையம் வழியே தென்காசிக்கு 1927இல் வந்த பாதை 1000 மில்லிமீட்டர் அகல மீட்டர் கேஜ். 2004இல் அது 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையானது.

நீராவி எஞ்சினின் அழகு அதன் ஒளிவின்மை. பிஸ்டன், இணைப்புத்தண்டு, சக்கரம் எல்லாம் கண்முன் இருக்கும். பிஸ்டனைத் தள்ளி ஓய்ந்த ஆவி புகைபோக்கி வழியே பீறிட்டு வெளியேறும். அந்த வேகமே அடுப்புக்குள் காற்றை இழுத்துக் கரியைக் கனன்றெரியச் செய்யும். வேகம் கூடக்கூடத் தீயும் தானே கூடும். குப்குப் ஓசையும் அந்த ஆவியின் பீறிடல்தான்: இரண்டு உருளை எஞ்சினில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை.

காட்சிப்பொருள் மறுபடி ஓடியதும் உண்டு. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸில் செய்யப்பட்ட ஈ.ஐ.ஆர். (கிழக்கிந்திய ரயில்வே) 21 எஞ்சினைச் சென்னைப் பெரம்பூர் பணிமனை 2010இல் ஓடவைத்தது.