விழித்திருக்கும் வீரனும் உறங்கும் சிறுவனும்

உறங்கும்போதும் ஒருவன் விழிப்பாயிருக்கக் கூடுமோ என்னும் வினாவை, மாணவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கொண்டுவந்தார். அவர் கையிலிருந்தது கார்லோஸ் காஸ்டநேடாவின் நூல். மெக்சிகோ நாட்டுப் பூர்வகுடி ஞானி ஒருவரிடம் கற்றதாக அவர் 1968 முதல் எழுதிவந்தவை பலரும் அறிந்தவையே: போர்வீரனைப்போல் ஒவ்வொரு செயலையும் தன் கடைசிச் செயலாக எண்ணிச் செய்தல், கனவினுள் தன் கைகளைத் தேடிப் பார்த்து, அதனால் கனவிலேயே விழிப்படைதல். அந்த ஞானி உண்மையில் வாழ்ந்தாரா என்பதையே ஆய்வாளர் பலர் ஐயுற்றனர். அது நிற்க. இதற்காக அத்தனை தொலைவு போவானேன்? மயிலையிலிருந்து தெற்கே அடையாற்றுப் பாலத்தைக் கடந்தாலே போதும்.

1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகம் ஆற்றின் தென்கரையில் இருந்துவருகிறது. சபையார் போற்றிய நூல்களில் ஒன்று மேபல் காலின்ஸ் 1885இல் வெளியிட்டது; சீடன் தன் அகத்தேயுள்ள போர்வீரனைத் தேடிக் கண்டு, அவனே போரிட இடங்கொடுக்க வேண்டும் என்பது அதன் போதனை. இந்தச் சூழலுக்குள்தான் 1909இல் மதனப்பள்ளியைச் சேர்ந்த ஜிட்டு நாராயணய்யா தம் புதல்வரோடு வந்து சேர்ந்தார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியைக் கடற்கரையில் கண்ட லெட்பீட்டர், உலக ஆசானாகத் தக்கவன் இவனே என்று தெளிந்தார். ஒவ்வோர் இரவும் சிறுவனைச் சூக்கும உடலில் குதூமி என்னும் குருவின் இல்லத்துக்குத் தாம் அழைத்துச் சென்றதாகவும், குரு கால்மணி நேரமளவு போதித்ததாகவும், காலையில் சிறுவன் நினைவிலிருந்ததை எழுதியதாகவும் லெட்பீட்டர் பின்னர் விவரித்தார். அக்குறிப்புகள் 1910இல் 'குருவின் பாதங்களில்' என்று பொருள்படும் பெயருடன் ஆங்கிலச் சிறுநூலாயின. ஆசிரியர் பெயர் அல்சியோன். முன்னுரை அன்னி பெசன்ட் அம்மையாருடையது.

நூலை இகழ்ந்து ஒதுக்க நமக்கு மனமில்லை. விவேகம், வைராக்கியம், நல்லொழுக்கம், அன்பு என்னும் நான்கு தகுதிகளை அது எளிய நடையில் விளக்குகிறது. வேதாந்திகள் நான்காவதாக வைப்பது முமுட்சுத்துவம், அதாவது விடுதலை வேட்கை. இச்சிறு நூலோ அவ்விடத்தில் அன்பை வைக்கிறது. இம்மாற்றம் நம்மவர் கருத்தூன்றத் தக்கது. ஆயினும், பதினான்கு வயதுச் சிறுவன், ஆங்கிலம் இன்னும் சரிவர வராத நாளில், உறக்கத்தில் கேட்டது இது என்றால், அந்த உறக்கத்துக்குச் சாட்சி யார்? அவனை அழைத்துச் சென்றதாகச் சொன்ன பெரியவர் ஒருவரே. நூலை எழுதியது யார் என்ற பூசல் இன்றளவும் தீரவில்லை. நமக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு: இரவில் வந்த அக்குரல், பகலில் அவனைச் சூழ்ந்திருந்தோர் முன்னமே போதித்துவந்ததற்கு மாறாக ஒன்றையும் கூறவில்லை.

சீலோவிலும் ஒரு சிறுவன் இரவில் படுத்திருந்தான் (1 சாமுவேல் 3). ஏலி வயது முதிர்ந்தவர், பார்வை மங்கியவர், தம் இல்லத்தை அடக்கத் தவறியவர். ஆனால் ஒன்றை அவர் சரியாகச் செய்தார். சாமுவேல் மும்முறை ஓடிவந்தபோது, இன்ன செய்தி வரும் என்று அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. போய்ப் படுத்துக்கொள், அழைப்பு வந்தால் செவிகொடு என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். வந்த செய்தியோ ஏலியின் வீட்டுக்கே எதிரானது. அதை மறைக்காமல் சொல்லும்படி அவரே சிறுவனை வற்புறுத்தினார். குருத்துவப் பணிக்கு இதைவிடக் கடினமான தேர்வு திருமறையில் உண்டோ என்று நாம் ஐயுறுகிறோம்.

அடையாற்றுச் சிறுவனும் ஒருநாள் தன்னை வளர்த்த இல்லத்துக்கு எதிராகப் பேசினான். அதற்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. இடையில் தந்தை தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் வென்று, 1914இல் பிரிவி கவுன்சிலில் தோற்றது. குருமார்கள் காப்பார்கள் என்று நம்பியிருந்த தம்பி நித்யானந்தா 1925இல் மறைந்தார். 1929 ஆகஸ்டு 3ஆம் நாள், ஒம்மன் நகரில், தமக்காகவே அமைக்கப்பட்ட விண்மீன் சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். அப்போது அவருக்கு வயது 34.

ஆற்றின் வடகரையில், கிரீன்வேஸ் சாலையிலுள்ள வசந்த விஹாரில், 1986 ஜனவரி வரை அவர் ஆற்றிய உரைகளில் கனவு பலமுறை பேசப்பட்டது. பகல் முழுவதும் மனத்தின் அசைவுகளை, கண்டனமும் தெரிவுமின்றி, ஒருவன் கவனித்து வருவானாயின் இரவில் கனவு தேவையற்றுப் போகும். எஞ்சியவற்றின் குழப்பமே கனவு. அதற்கு உரைகாரர் வேண்டியதில்லை. இரவைப் பெரியவர்கள் கைப்பற்றக் கண்டவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்றே இதை நாம் வாசிக்கிறோம். இப்போதனையில் விடுதலை உண்டு, நன்றியோடு ஏற்கிறோம்.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் விடலாகாது. எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தின் காவற்காரனும் கவனிக்கிறவனே. ஆனால் பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாவிடில் இரத்தப்பழி அவன்மேல் சுமரும். கவனித்தல் மட்டும் காவலாகாது. அர்ச்சுனனுக்குக் குடாகேசன், உறக்கத்தை வென்றவன், என்று பெயர். இலக்குவன் வில்லேந்தி விழித்திருந்ததோ தமையனுக்காக. எபேசியர் 6இல் போர்வீரனின் சர்வாயுதத்தை விவரித்துவரும் பவுல், விழிப்பைப் பிற பரிசுத்தவான்களுக்கான மன்றாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். யாருக்காக விழித்திருக்கிறோம் என்ற கேள்வி வசந்த விஹார் உரைகளில் போதிய அளவு ஒலிக்கவில்லை என்பதே நம் கருத்து.

வீரனின் விழிப்பும் கனவும் ஒரே அதிகாரத்தில் வரும் இடமும் உண்டு. கிதியோனின் பதினாயிரம் பேர் நீர் குடித்த விதத்தால் முந்நூறு பேராகக் குறைக்கப்பட்டனர் (நியாயாதிபதிகள் 7); கையால் நீரை அள்ளி நக்கியவர்களின் எச்சரிக்கையே காரணம் என்பர் உரையாசிரியர் சிலர். அன்றிரவு கிதியோனைத் திடப்படுத்திய கனவோ அவனுடையதன்று. மீதியானியன் ஒருவன் கண்டு, தோழனிடம் சொல்லக் கேட்டது அது. பயிற்சியால் அடைந்த கனவுமன்று. எதிரியின் கூடாரத்திலிருந்து வந்த கொடை.

உறக்கத்தைப் பகைப்பதும் நம் மரபன்று. படகில் சீடர் அச்சத்தால் விழித்திருக்க ஆண்டவர் உறங்கினார். கெத்செமனேயில் அவர் விழித்திருக்க அவர்கள் உறங்கினார்கள். விழிப்பு எது, உறக்கம் எது என்பதைக் கண் இமைகளை வைத்து முடிவுசெய்ய இயலாது போலும். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்காதிருப்பதால்தான் (சங்கீதம் 121) மனிதன் கண்மூடத் துணிகிறான்.

பிரம்மஞான சபையாரைக் குறை கூறும் நாம் நம் சபைகளையும் நோக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உபவாசக் கூட்டத்தில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தான் கண்ட தரிசனத்தைச் சொல்லும்படி மேடையில் நிறுத்தப்பட்டாள். கட்டட நிதிக்கு யார் யார் கொடுக்க வேண்டும் என்பதும் அத்தரிசனத்தில் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் அவள் தன் தாயின் முகத்தைப் பார்த்தாள். போதகர்களாகிய நாம் நால்வர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.